சிறைக்கு 1.7 பில்லியனா, 300 மில்லியனா? ஃபுல்டன் கவுண்டியில் வரி கட்டுபவர்கள் வரவும்

செந்தில்_ஜான்ஸ்கிரீக்

அட்லாண்டா நண்பர்களுக்கு, குறிப்பாக ஜார்ஜியாவின் ஃபுல்டன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி ஓர் உள்ளாட்சி) வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி.

ரைஸ் ஸ்ட்ரீட்டில் உள்ள கவுண்டிச் சிறை பற்றிய செய்தி ஓய்வதாகத் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் டிரம்ப்பைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்களே, அதே இடம்தான். முதலில் புதிய சிறை கட்ட 1.7 பில்லியன் டாலர் ஆகும் என்று ஓர் ஆய்வு வந்தது. 2024 ஜூலையில் கவுண்டி கமிஷனர்கள் 4-3 என்று வாக்களித்து, புதியது வேண்டாம், இருப்பதை 300 மில்லியன் டாலர் அளவில் சரிசெய்வோம் என்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசின் நீதித்துறையோடு (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) கன்சென்ட் டிக்ரி, அதாவது நீதிமன்றம் ஏற்ற சீர்திருத்த ஒப்பந்தம், வேறு கையெழுத்தாகிவிட்டது. இனி நீதிமன்றக் கண்காணிப்பில்தான் எல்லாம்.

எங்கள் ஊருக்குத் தனிக் காவல்துறை, தனித் தீயணைப்புத்துறை. அதற்கு நகர வரி. கவுண்டிக்குத் தனி வரி. சிறைக்காக ஏன் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 300 மில்லியன் என்பது உண்மையிலேயே மலிவான வழியா, இல்லை இப்போதைக்கு ஒட்டுப்போட்டுவிட்டு பத்து வருடம் கழித்து மறுபடி 1.7-க்கு வந்து நிற்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், ப்ளீஸ்.

மில்டன்மாமா

இதற்குத்தான் தலைதலையாக அடித்துக்கொண்டோம், மில்டன் கவுண்டியை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று. 1931 வரை நாங்கள் தனிக் கவுண்டி. பொருளாதார மந்தத்தில் காசில்லாமல் போய், 1932 தொடக்கத்தில் ஃபுல்டனோடு சேர்த்தார்கள். அப்போது அட்லாண்டா எங்களைத் தாங்கியது. இப்போது நாங்கள் அட்லாண்டாவைத் தாங்குகிறோம். கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

சிறை பற்றி என் கருத்து எளிமையானது. தப்பு செய்தவனுக்குச் சிறை வசதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மழை ஒழுகினால் கூரையைச் சரிசெய், பூட்டு உடைந்தால் பூட்டை மாற்று. அதற்கு 300 மில்லியனே அதிகம்.

பொருநை

செந்தில், நான் பக்கத்துக் கவுண்டி ஒன்றில் நிதித் தணிக்கையில் இருக்கிறேன். ஃபுல்டன் என் அலுவலகம் இல்லை, ஆனால் ஜார்ஜியாவில் கணக்கு எல்லாக் கவுண்டிக்கும் ஒரே விதிதான்.

உங்கள் பங்கை முதலில் பார்ப்போம். இங்கே வீட்டின் சந்தை விலையில் 40 சதவீதத்தின் மேல்தான் வரி. 600,000 டாலர் வீடென்றால் 240,000. ஃபுல்டனின் பொது நிதி விகிதம் சில ஆண்டுகளாக 8.87 மில், அதாவது ஆயிரம் டாலருக்கு 8.87 டாலர். விலக்குகளைக் கழிக்கும் முன் 2,129 டாலர் வருகிறது. பள்ளி வரி இதைவிடப் பெரியது, ஆனால் அதில் ஒரு காசுகூட சிறைக்குப் போகாது. கவுண்டி நாளைக்கே ஒரு மில் ஏற்றினால் உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 240 டாலர் கூடும்.

சரி, கடன். 1.7 பில்லியனை 30 ஆண்டுக்கு, 4 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம் (வட்டி நான் போட்டது). ஆண்டுத் தவணை ஏறத்தாழ 98 மில்லியன். ஃபுல்டனின் பொது நிதியே ஒரு பில்லியனை ஒட்டியதுதான். நீதிமன்றம், நூலகம், தேர்தல், கிரேடி மருத்துவமனைக்கான பங்கு என்று எல்லாம் அதிலிருந்துதான். அதில் பத்தில் ஒரு பங்கை முப்பது வருடம் கட்டிடத்துக்கே எழுதிவைக்க வேண்டும். கட்டி முடிக்கையில் மூன்று பில்லியனுக்குப் பக்கத்தில் போயிருக்கும். அதில் ஒரு காவலரின் சம்பளம்கூட அடக்கமில்லை.

கமிஷனர்கள் இதைக் கண்டு மிரண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதிலும் இன்னொரு சிக்கல்: கவுண்டி தன் முழு வரிப் பொறுப்பில் கடன் பத்திரம் வெளியிட்டால் மாநில அரசியல் சட்டப்படி மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். 2008இல் நூலகங்களுக்கு 275 மில்லியன் டாலர் கேட்டபோது மக்கள் சரி என்றார்கள். சிறைக்குக் கேட்டுப் பாருங்கள்! அதனால் ஏதாவது ஓர் ஆணையத்தின் பெயரில் கடன் வாங்கி, கவுண்டி அதற்கு வாடகைபோலக் கட்டும் வழியைப் பல கவுண்டிகள் பிடிக்கின்றன. சட்டப்படி சரிதான். ஆனால் உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

பழுதுபார்ப்பு மலிவா என்றால், எதைப் பழுதுபார்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1989இல் திறந்த கட்டிடம். 1,125 பேருக்காகத் திட்டமிட்டது. பிறகு ஓர் அறைக்கு இரண்டு கட்டில் போட்டார்கள், அப்புறம் தரையிலும் படுக்கவைத்தார்கள். 2023 கோடையில் கவுண்டியின் பொறுப்பில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள். கழிப்பறையும் குழாயும் மின்தூக்கியும் திட்டமிட்டதைவிட மிக அதிகமாக உழைத்தன. அந்த இடத்தில் குழாயை மாற்றினால் அடுத்த வருடம் மறுபடி மாற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. 300-ஆ 1700-ஆ என்று கேட்கும் முன், உள்ளே எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். அந்த எண்ணைத் தீர்மானிப்பவர் எவரும் அதற்குப் பணம் கட்டுவதில்லை. வேதனை அதுதான்.

செந்தில்_ஜான்ஸ்கிரீக்

பொருநை, நன்றி. கடைசி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன். யார் தீர்மானிக்கிறார்கள்?

பொருநை

கைது செய்வது நகரக் காவல்துறைகள். அட்லாண்டா, சாண்டி ஸ்பிரிங்ஸ், உங்கள் ஜான்ஸ் கிரீக். பெருங்குற்ற வழக்கென்றால் ஆளை ரைஸ் ஸ்ட்ரீட்டில் ஒப்படைத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். குற்றப்பத்திரிகை எப்போது என்பது டி.ஏ. (கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞர்) கையில். ஜாமீன் தொகை நீதிபதி கையில். எந்தக் குற்றத்துக்கு ரொக்க ஜாமீன் கட்டாயம் என்பது மாநிலச் சட்டமன்றம் கையில். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த செனட் மசோதா 63, முப்பது குற்றங்களை அந்தப் பட்டியலில் சேர்த்தது. சில சிறுகுற்றங்களும் அதில் அடக்கம். தண்டனை பெற்றவரை எப்போது மாநிலச் சிறைக்கு எடுத்துக்கொள்வது என்பது மாநிலச் சிறைத்துறை கையில். சிறையை நடத்துவது ஷெரீஃப், அவரும் தனியாகத் தேர்தலில் வென்று வருபவர்.

பில் மட்டும் ஏழு கமிஷனர்களிடம் வருகிறது.

மில்டன்மாமா

அதற்காகக் கைது செய்வதை நிறுத்தச் சொல்கிறீர்களா அம்மா?

பொருநை

நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை, மாமா. மேலே போய் மறுபடி படியுங்கள்.

கோவைக்கிளி

மாமா, ஒரு செவிலியராகச் சொல்கிறேன். "தப்பு செய்தவன்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். ரைஸ் ஸ்ட்ரீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தண்டனை பெறாதவர்கள். விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். 2022இல் மனநலப் பிரிவில் ஒருவர் இறந்தார். சிறுகுற்ற வழக்கில் கைதானவர், மூன்று மாதம் உள்ளே இருந்தார், உடம்பெல்லாம் மூட்டைப்பூச்சியும் பேனும் அரித்த நிலையில் கிடந்தார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2023 ஆகஸ்டில் கவுண்டி அவர் குடும்பத்துக்கு 4 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. வசதி வேண்டாம் என்கிறீர்கள். வசதி யாரும் கேட்கவில்லை. அந்த 4 மில்லியன் உங்கள் வரிதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மெடிக்கெய்டில் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கும் ஒருவர் சிறைக்குள் போனால், மெடிக்கெய்டு அவருக்குப் பணம் தராது. 1965இல் அந்தத் திட்டம் வந்தபோதே போட்ட விதி. வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தால் மட்டும் விலக்கு. ஆக இன்சுலின், மனநல மாத்திரை, டயாலிசிஸ், போதை மீட்பு என்று எல்லாமே முழுக்க கவுண்டி செலவு. அதே ஆள் வெளியே கிளினிக்கில் இருந்தால் செலவின் பெரும்பகுதியை வாஷிங்டன் ஏற்றிருக்கும். மனநோயாளியைச் சிறையில் வைப்பதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த வைத்தியம். பலனும் இல்லை.

2025 தொடக்கத்தில் நகரமும் கவுண்டியும் சேர்ந்து, கிரேடி மருத்துவமனையின் துணையோடு, ஒரு மாற்று மையம் திறந்திருக்கிறார்கள். அட்லாண்டா நகரச் சிறைக் கட்டிடத்திலேயே. மனநலச் சிக்கலில் தெருவில் நிற்பவரை, வீடில்லாமல் எங்கேயோ அத்துமீறி நுழைந்தவரை, காவலர் ரைஸ் ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கே விடலாம். 300 மில்லியன் பற்றி நூறு செய்தி வந்தது. இதைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டீர்கள்?

செந்தில்_ஜான்ஸ்கிரீக்

நான் கேள்விப்படவில்லை.

லூப்பில்_சிக்கியவன்

"எத்தனை நாள்" என்று பொருநை கேட்டதற்கு என் பங்குக்கு ஒன்று. நீதிமன்ற மென்பொருள் வேலையில் இருப்பவன் நான். எந்தக் கவுண்டி என்று கேட்காதீர்கள்.

ஜார்ஜியா சட்டப்படி ஒருவரைக் கைது செய்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை கொடுக்காவிட்டால் அவருக்கு ஜாமீன் நிர்ணயிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிர்ணயித்த தொகையைக் கட்டக் காசில்லாதவர் உள்ளேயேதான் இருப்பார். சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் ஜார்ஜியா கிளை 2022இல் ஃபுல்டன் சிறைப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: 90 நாள் தாண்டியும் குற்றப்பத்திரிகை இல்லாதவர்கள், சிறிய ஜாமீன் தொகை கட்ட முடியாதவர்கள், சிறுகுற்றம் மட்டுமே உள்ளவர்கள், இவர்களை முறைப்படி விடுவித்தாலே நெரிசல் பெருமளவு குறையும், நகரச் சிறையில் படுக்கை வாடகைக்கு எடுக்கத் தேவையிருக்காது என்று.

அந்த வாடகைக் கணக்கையும் போட்டுவிடலாம். 2022 ஆகஸ்டில் அட்லாண்டா நகர மன்றம் ஒப்புக்கொண்டது: 700 படுக்கை வரை, நான்கு ஆண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 டாலர். எல்லாம் நிரம்பினால் ஆண்டுக்கு 12.8 மில்லியன் டாலர். அந்தப் பணத்துக்கு எத்தனை அரசு வழக்கறிஞர், எத்தனை பொது வாதாடுநர், எத்தனை நீதிமன்ற எழுத்தர் வைக்கலாம் என்று யோசியுங்கள்.

கோவிட் காலத்தில் நீதிமன்றம் முடங்கியதில் சேர்ந்த வழக்குத் தேக்கத்தைக் கரைக்க மத்திய நிவாரணப் பணத்தில் ஆள் எடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நிவாரணப் பணத்தை 2024 முடிவுக்குள் ஒதுக்கி, 2026 முடிவுக்குள் செலவழித்தாக வேண்டும். ஒருமுறை வரும் பணத்தில் மாதச் சம்பளம் போட்டால் பிறகு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு 2024 ஜனவரியில் லாக்பிட் என்ற ஹேக்கர் கும்பல் கவுண்டியின் கணினிகளையே பூட்டிவிட்டது. தொலைபேசி, நீதிமன்றப் பதிவு, வரி அலுவலகம் என்று வாரக்கணக்கில் இழுத்தது. பணயத் தொகை கட்டவில்லை என்றார் கமிஷன் தலைவர் ராப் பிட்ஸ். கட்டாதது சரிதான். ஆனால் காகிதத்தில் ஓட்டிய அந்த வாரங்களில் எத்தனை கோப்பு தள்ளிப்போயிருக்கும்? பொதுப் பாதுகாப்பு பட்ஜெட் என்றால் துப்பாக்கி, கார், கம்பி என்றே நினைக்கிறோம். சர்வரும் அதில் ஒன்று.

மில்டன்மாமா

ஏ.சி.எல்.யூ. சொல்வதை வேதவாக்காக எடுக்க நான் தயாரில்லை. சரி, சிறுகுற்றக்காரனை விடுங்கள். உள்ளே கத்திக்குத்து நடக்கிறதே, அது சிறுகுற்றக்காரனா செய்கிறான்? கொலை வழக்கில் இருப்பவன் செய்கிறான். அவனுக்கு உறுதியான கட்டிடம் வேண்டும். நான் முதலில் எழுதியதைவிட இது கொஞ்சம் செலவு பிடிக்கும் வாதம், தெரியும்.

கோவைக்கிளி

மாமா இறங்கி வருகிறார்!

ஆனால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நீதித்துறையின் 2024 நவம்பர் அறிக்கையைப் படித்தேன். 2023 ஒரே ஆண்டில் 300-க்கும் மேற்பட்ட கத்திக்குத்து. 2022க்குப் பிறகு வன்முறையில் இறந்தவர்கள் மட்டும் ஆறு பேர். கத்தி வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. இற்றுப்போன சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் உலோகத்தைப் பெயர்த்துச் செய்துகொள்கிறார்கள். ஷெரீஃப் பேட் லபாட்டே பறிமுதல் செய்த கத்திகளை மேசையில் பரப்பிக் காட்டினார். கதவுப் பூட்டுகள் வேலை செய்யாததால் இரவில் யார் எந்த அறைக்குள் போகிறார் என்பதற்குக் கணக்கில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளும் உள்ளே உண்டு, ஏனென்றால் ஜார்ஜியாவில் குற்ற வழக்கென்றால் பதினேழு வயது பெரியவர் கணக்கு.

ஆக, கட்டிடம் ஒரு காரணம்தான். ஆனால் அதே அறிக்கை ஆள் பற்றாக்குறையைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. பூட்டை மாற்றினாலும் அந்தத் தளத்தில் நிற்க ஒரு காவலர் வேண்டும்.

ஆர்டீசியா_அருண்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். உங்கள் கதையை நாங்கள் ஆறு வருடம் முன்பே பார்த்துவிட்டோம், தொகைகூட அதேதான்.

எங்கள் ஆண்கள் மத்தியச் சிறை 1963இல் திறந்தது. இடிக்க வேண்டிய கட்டிடம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. 2019இல் அந்த இடத்தில் மனநலச் சிகிச்சையை மையமாக வைத்த புதிய சிறை, 1.7 பில்லியன் டாலர் ஒப்பந்தம் என்று வந்தது. சிகிச்சை மையம் என்று பெயர் மாற்றினாலும் சிறை சிறைதான் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டில் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் எதிர்த்தார்.

அடுத்த வருடம் மெஷர் ஜே என்ற மக்கள் வாக்கெடுப்பு. கவுண்டி தானே வசூலித்து, தன் விருப்பப்படி செலவிடக்கூடிய வருவாயில் குறைந்தது 10 சதவீதத்தை வீட்டுவசதி, மனநலம், வேலைப்பயிற்சி, சிறைக்கு மாற்று வழிகளுக்கு ஒதுக்க வேண்டும். அதைச் சிறைக்கோ காவலுக்கோ தொடக்கூடாது. 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், நானும்தான். 2021இல் கீழ் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2023இல் மேல்முறையீட்டில் செல்லும் என்றது. இதெல்லாம் நடந்து முடிந்தும், 1963 கட்டிடம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள். புதியதும் கட்டவில்லை, பழையதும் மூடவில்லை, அதற்கான பராமரிப்புப் பணமும் குறைந்தபாடில்லை.

இந்தச் சமயத்தில்தான் 2025 ஏப்ரலில் அந்த 4 பில்லியன் டாலர் செய்தி. மில்லியன் இல்லை, பில்லியன். கவுண்டியின் சிறார் காப்பகங்களிலும் வளர்ப்பு இல்லங்களிலும் பல பத்தாண்டுகளாக நடந்த பாலியல் கொடுமை வழக்குகளைத் தீர்க்க ஒப்புக்கொண்ட தொகை. 1959 வரை பின்னோக்கிப் போகும் புகார்கள். ஒரு காலத்தில் கண்காணிப்புக்கும் தகுந்த ஊழியருக்கும் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம், இப்போது வட்டியோடு வருகிறது. இனி பல ஆண்டுகளுக்கு என் நூலக நேரமும் பூங்காவும் அந்தத் தவணையோடு போட்டி போட வேண்டும்.

ஒரு வேறுபாடு. இங்கே ஆர்டீசியா மாதிரி சிறு நகரங்கள் தனிக் காவல்துறை வைத்துக்கொள்வதில்லை. கவுண்டி ஷெரீஃபிடம் ஒப்பந்தத்தில் வாங்குகிறோம். 1954இல் லேக்வுட் தொடங்கிய வழக்கம். அதனால் எங்கள் நகரக் கூட்டங்களிலும் ஷெரீஃப் கட்டணம் எவ்வளவு ஏறுகிறது என்பது ஆண்டுதோறும் பேச்சு. உங்கள் வடக்கு ஃபுல்டன் நகரங்களில் அது இல்லை என்பதால் ஷெரீஃப் பட்ஜெட்டை யாரும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

மில்டன்மாமா

அருண் தம்பி, என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கட்டவும் இல்லை, மூடவும் இல்லை. முடிவெடுக்கத் தைரியம் இல்லாதவர்கள் எடுக்கும் முடிவு அது. எங்கள் 4-3 வாக்கும் அதே ரகம்தான்.

ஆர்டீசியா_அருண்

மாமா, தைரியம் மட்டும் குறை என்றால் பிரச்சினை எளிது. மாற்று வழிக்கு ஒதுக்கிய பணத்தில் வீடும் சிகிச்சைப் படுக்கையும் வேகமாக வந்திருந்தால் மூடியிருக்கலாம். படுக்கை வராமல் ஆளை எங்கே அனுப்புவது? ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒரு நாள் வாக்கெடுப்பு போதும். ஆயிரம் சிகிச்சைப் படுக்கைக்கு இடம் பிடிப்பதற்குள் ஒவ்வொரு தெருவிலும் "எங்கள் பக்கத்தில் வேண்டாம்" என்று பலகை வைத்துவிடுகிறார்கள். அதில் நம் ஆட்களும் உண்டு.

கேட்டி_குமரன்

ஹூஸ்டன் பக்கம் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: ஏற்றுமதி. ஹாரிஸ் கவுண்டி சிறை நிரம்பி வழிந்ததால் ஆட்களை லூசியானாவில் உள்ள தனியார் சிறைக்கு அனுப்பினார்கள். அப்புறம் 2023இல் மிசிசிப்பியில் டல்லஹாச்சி என்ற இடத்தில் கோர்சிவிக் நிறுவனம் நடத்தும் சிறைக்கும். உங்கள் ஷெரீஃபும் அதே ஆண்டு அதே டல்லஹாச்சிக்கு அனுப்பலாம் என்று கேட்டு, எதிர்ப்பு வந்து கைவிட்டதாக ஞாபகம்.

விசாரணைக் கைதியை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் வழக்கறிஞர் எப்படிப் பார்ப்பார், அம்மா எப்படிப் பார்ப்பாள்? வாய்தா வந்தால் பேருந்தில் கூட்டி வர வேண்டும். வழக்கு இன்னும் இழுக்கும், நாள் கூடும், பில் கூடும்.

எங்கள் ஊரில் உருப்படியாக நடந்த ஒன்று, சிறுகுற்ற ஜாமீன் வழக்கு. 2016இல் போட்டார்கள், 2019இல் கன்சென்ட் டிக்ரி. பெரும்பாலான சிறுகுற்றங்களுக்குப் பணம் கட்டாமலே வெளியே வரலாம் என்றானது. இருந்தும் சிறை நிரம்பியே இருந்தது, ஏனென்றால் பெருங்குற்ற வழக்குகள் தேங்கி நின்றன. ஒரு குழாயை மட்டும் திறந்தால் தொட்டி வடியாது.

திருவொற்றியூர்_ராஜி

சென்னையிலிருந்து ஒரு சாதாரணக் கேள்வி. இங்கே சிறை மாநில அரசின் கீழ். புழல் சிறைக்கு ஏதாவது ஆனால் சென்னை மாநகராட்சியை யாரும் கேட்கமாட்டார்கள், சொத்து வரியும் ஏறாது. அங்கே மட்டும் ஏன் உள்ளூர் ஆட்சி தலையில் கட்டியிருக்கிறார்கள்?

பொருநை

ராஜி, தண்டனை பெற்று ஓராண்டுக்கு மேல் இருப்பவர்களின் சிறை இங்கேயும் மாநிலத்தோடது. விசாரணைக் காலத்துச் சிறையும் அதற்குக் குறைவான தண்டனைக்கான சிறையும்தான் கவுண்டியுடையவை. இங்கிலாந்திலிருந்து வந்த ஷெரீஃப் முறையின் மிச்சம். இங்கிலாந்தே அதை 1877இல் விட்டுவிட்டு எல்லாச் சிறைகளையும் மத்திய அரசிடம் கொடுத்தது. இங்கே விடவில்லை. விளைவு, வளமான கவுண்டிக்கு ஒரு மாதிரிச் சிறை, ஏழைக் கவுண்டிக்கு வேறு மாதிரி.

ஃபுல்டன் ஏழை இல்லை என்பதுதான் இதில் வியப்பு. ஜார்ஜியாவிலேயே மக்கள்தொகையில் பெரிய கவுண்டி.

லூப்பில்_சிக்கியவன்

ஷெரீஃபுக்கும் கமிஷனர்களுக்கும் இடையிலான சண்டையை யாரும் எழுதவில்லையே? மாநில செனட் இதற்காகவே 2023இல் ஒரு துணைக்குழு போட்டது.

பொருநை

எழுதலாம் என்று இருந்தேன். ஜார்ஜியாவில் ஷெரீஃப் அரசியல் சட்டம் உருவாக்கிய பதவி. கமிஷனர்கள் அவருக்கு மொத்தத் தொகையை ஒதுக்கலாம், குறைக்கலாம். ஆனால் ஒதுக்கிய தொகைக்குள் அவர் எதற்குச் செலவிட வேண்டும் என்று கட்டளையிட முடியாது. கட்டிடம் கவுண்டியுடையது. அதனால் பூட்டு உடைந்தால் "பராமரிப்பு உங்கள் பொறுப்பு" என்று ஷெரீஃப் சொல்வார். "உங்கள் கைதிகள்தான் உடைத்தார்கள், காவலரை நிறுத்துங்கள்" என்று கமிஷனர்கள் சொல்வார்கள். "சம்பளத்துக்குப் பணம் தந்தால் நிறுத்துகிறேன்." "போன வருடம் தந்ததை என்ன செய்தீர்கள்?" இப்படியே போகும். இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்பதால் முடிவதும் இல்லை. லபாட் 2024இல் மறுபடி வென்றுவிட்டதால் இதே ஆட்கள்தான் இன்னும் சில ஆண்டுகளுக்கு.

இது முதல் முறையும் இல்லை. 2004இல் இதே சிறை மீது வழக்கு, 2006இல் கன்சென்ட் டிக்ரி, 2015 வரை மத்திய நீதிமன்றக் கண்காணிப்பு. அந்த ஒன்பது ஆண்டுகளில் பணம் கொட்டினார்கள், நெரிசல் குறைந்தது, பூட்டுகளை மாற்றினார்கள். நீதிபதி கையை எடுத்தார். எட்டே ஆண்டில் நீதித்துறை மறுபடி உள்ளே வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. செந்தில், நீங்கள் முதலில் கேட்டதற்கு இதுதான் என் பதில். பழுதுபார்ப்பு ஒருமுறை நடந்துவிட்டது. ஆள் வரத்தைக் குறைக்காமல், காவலர் சம்பளத்துக்கு நிலையான வழி செய்யாமல் பழுதுபார்த்தால் இப்படித்தான் முடியும். புதிதாக 4,000-க்கும் மேற்பட்ட படுக்கையோடு கட்டினாலும் இதே கதைதான், இன்னும் பெரிய கட்டிடத்தில்.

எனக்கு வாக்கு இருந்தால்? 300-ஐக் கொடுத்திருப்பேன். ஆனால் அதோடு சேர்த்து ஆண்டுப் பராமரிப்புக்கென்று தொடமுடியாத ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லியிருப்பேன். மனநலம், மருத்துவப் பிரிவுக்கு மட்டும் சிறியதாக ஒரு புதிய கட்டிடம். 90 நாள் பட்டியலை மாதாமாதம் பொதுவில் வெளியிட வேண்டும்.

செந்தில்_ஜான்ஸ்கிரீக்

2025 மே மாதம் லூயிவில், மினியாபோலிஸ் காவல்துறை மீதான ஒப்பந்தங்களிலிருந்து நீதித்துறை விலகிக்கொண்டது என்று செய்தி. ஃபுல்டனும் அப்படிப் போய்விடுமா?

லூப்பில்_சிக்கியவன்

அவை இரண்டையும் நீதிபதி இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஃபுல்டனுடையது ஜனவரியிலேயே நீதிமன்ற ஆணையாகிவிட்டது. இனி நீதித்துறை ஆர்வம் இழந்தாலும் நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் கழற்ற முடியும். கண்காணிப்பாளர் அறிக்கை வந்துகொண்டிருக்கும். அவருக்கும் கவுண்டிதான் சம்பளம், மாமா கோபப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மில்டன்மாமா

கோபப்படவில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பெண் சொன்ன மெடிக்கெய்டு விஷயம் எனக்குப் புதிது. மற்றபடி மில்டன் கவுண்டி என் கோரிக்கை அப்படியே இருக்கிறது.

கோவைக்கிளி

மில்டன் கவுண்டி வந்தால் முதல் செலவு என்ன தெரியுமா மாமா? ஒரு சிறை.

மட்டுறுத்துனர்

நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இறந்தவரின் படத்தை இங்கே பகிர வேண்டாம். இனத்தைச் சொல்லி எழுதிய பதிவும் போய்விட்டது. மற்றவர்கள் தொடரலாம்.

செந்தில்_ஜான்ஸ்கிரீக்

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் போய்ச் சொல்ல வேண்டுமென்றால் எப்போது, எங்கே?

பொருநை

கமிஷன் கூட்டம் மாதத்தின் முதல், மூன்றாம் புதன்கிழமை காலை 10 மணிக்கு, 141 பிரையர் ஸ்ட்ரீட். பேச விரும்புபவர்கள் தொடங்கும் முன் பெயர் கொடுக்க வேண்டும்.

ஃபுல்டனுக்கு நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர். வரைவு பட்ஜெட் நவம்பரில் வரும், ஜனவரியில் நிறைவேற்றுவார்கள். வரி விகிதம் மட்டும் கோடையில் தனியாக முடிவாகும். வீட்டு விலை ஏறியதால் வரும் கூடுதல் வருவாயைக் கழித்த விகிதத்துக்கு மேல் ஒரு பைசா வைத்தாலும் மூன்று பொதுக் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். விகிதம் 8.87-லேயே நின்றாலும் "வரி உயர்வு" என்று விளம்பரம் செய்ய வேண்டியிருப்பது அதனால்தான். ஜூலை, ஆகஸ்டில் அந்த அறிவிப்பைப் பாருங்கள். நவம்பர் வரைவில் ஷெரீஃப் கேட்ட தொகை ஒரு பத்தியிலும், நிர்வாகம் பரிந்துரைத்த தொகை பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள்.

செந்தில்_ஜான்ஸ்கிரீக்

ஜூலையில் ஒரு புதன்கிழமை விடுப்பு போட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். மார்ட்டாவில் வந்தால் கார்னெட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கத்திலிருந்து வேறு யாராவது வருகிறீர்களா? நார்த் ஸ்பிரிங்ஸில் காரை விட்டுவிட்டுச் சேர்ந்தே போகலாம்.

மில்டன்மாமா

நான் வருகிறேன். மைக் கிடைத்தால் மில்டன் பற்றியும் பேசுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.